தகரத்துக்குப் பின்னாடி மூணு ஜன்னல்

சத்துர்நீனா அக்காவைப் பத்திச் சொல்லுன்னு கேட்டா, நான் முதல்ல அந்தத் தகரத்தைத்தான் சொல்வேன். எட்டு மீட்டர் அகலம், அஞ்சு மீட்டர் உயரம், மஞ்சள் பெயிண்ட். அதுல ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்து: 'ஆல்தமீரோ – பொத்தான், லேஸ், ஜிப்'. சாவோ பாவுலோ நகரத்துல பிராஸ் கடைத்தெருப் பக்கம் துணி வாங்க வந்தவங்க அதைப் பாக்காம போயிருக்கவே முடியாது. ஆனா அந்தத் தகரத்துக்குப் பின்னாடி மாடியில மூணு ஜன்னல் இருந்துச்சு. ஜன்னலுக்குப் பின்னாடி பதினொரு தையல் மெஷின். மெஷினுக்குப் பின்னாடி நாங்க. அது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.

நாங்க எல்லாம் பொலிவியாக்காரங்க. மாடியை ஆல்தமீரோகிட்ட வாடகைக்கு எடுத்துப் பட்டறை நடத்தினது வென்செஸ்லாவ் அண்ணன், அவரும் எங்க ஊர்ப்பக்கம்தான். அங்கேயே தைப்போம், அங்கேயே தின்போம், மெஷினுக்கு நடுவுல பாயை விரிச்சு அங்கேயே படுப்போம். இந்த நாட்டுல தங்குறதுக்குக் காகிதம் இருக்கிறவங்க ரெண்டு பேர், பாதி இருக்கிறவங்க நாலு பேர், மீதிப் பேருக்கு ஒண்ணுமே கிடையாது. எனக்கும் அக்காவுக்கும் ஒண்ணுமே கிடையாது. வாசல் மணி அடிச்சாலே மெஷினை நிறுத்திட்டு விளக்கை அணைச்சுடுவோம்.

அக்கா பொலிவியாவுல ஒருரோ ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல ஊதாச் சோளக் கஞ்சி வித்தவ. அந்தக் குளிர்ல விடியக்காலையில அடுப்பை மூட்டிக்கிட்டு நின்னு கத்துவாளாம், வண்டியில தூங்குறவன் எல்லாம் எந்திரிச்சு வந்து கிளாஸை நீட்டுவானாம். புருஷன் திராட்சை பறிக்க அர்ஜென்டினா போனான், போனவன் போனவன்தான். "அவனைத் தேடிப் போகலையாக்கா?"ன்னு நான் ஒரு தடவை கேட்டேன். "தொலைஞ்ச பொருளைத் தேடலாம்டி, தொலைச்சுட்டுப் போனவனைத் தேடுவாங்களா?"ன்னா. ஆறு மாசம் தைச்சுட்டுத் திரும்பிடலாம்னு இங்க வந்தவ. ஆறு மாசம் ஆறு வருஷமாச்சு.

எனக்குப் பக்கத்து மெஷின் அவளோடது. ஜிப் வைக்கிறதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனா அந்த மாடியில கடைசி வருஷம் ஒரு இருமல் பிடிச்சுது பாருங்க, விடவே இல்ல. துணித்தூசி எங்க எல்லாருக்கும்தான் மூக்குல ஏறும். அவளுக்கு நெஞ்சுக்குள்ளேயே குடியிருந்துச்சு. ஒரு ஜிப் தைப்பா, இருமுவா, பல்லைக் கடிச்சுட்டு அடுத்த ஜிப்பை எடுப்பா. முனையில இருந்த மருந்துக்கடைக்காரர் ரெண்டு பாட்டில் சிரப் குடுத்துட்டு மூணாவதுக்குக் கையை விரிச்சுட்டார். "இதுக்கு மருந்து என்கிட்ட இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போ. போகலேன்னா காத்தும் வெளிச்சமும் இருக்கிற இடத்துலயாவது உக்காரு"ன்னார். ஆஸ்பத்திரிக்கு எங்க போறது? போனா பேர் கேப்பான், காகிதம் கேப்பான். காத்துக்கு எங்க போறது? ஜன்னல் மூணு இருக்கு, திறந்தா ஒரு முழம் தள்ளித் தகரம்.

அப்பத்தான், 2007 பொறந்ததும், அந்தச் சட்டம் வந்துச்சு. ஊர் முழுக்க விளம்பரப் பலகை எல்லாம் இறங்கணும். கடைக்காரன் தன் கடைப் பேரைப் போட்டுக்கலாம், ஆனா அளந்துதான் போடணும். ஆல்தமீரோ காகிதத்தைக் கையில வச்சுட்டு மாடிப்படியில நின்னு குய்யோ முறையோன்னு கத்தினார்.

"ஒன்றரைச் சதுர மீட்டராம்! எங்க வீட்டு நாய் படுக்கிற பாயே அதைவிடப் பெரிசுய்யா! இருபது வருஷமா இந்தத் தெருவுல என் பேரு நிக்குது, இனிமே ஜனங்க குனிஞ்சு தேடணுமா?"

நாங்க மேல சிரிப்பை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தோம். அக்கா மட்டும் மெஷினை நிறுத்திட்டா. "தகரம் இறங்குதாடி?"ன்னு என் கையைப் பிடிச்சா. "நெசமாவே இறங்குதா?" அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. எனக்கோ பயம். தகரம் போச்சுன்னா எதிர் மாடியில இருந்து பாத்தாலே பதினொரு மெஷினும் பாயும் மூட்டையும் அப்படியே தெரியும். ஒருத்தன் போன் போட்டாப் போதும், ஒரு மணி நேரத்துல எங்க கதை முடிஞ்சுது.

வென்செஸ்லாவ் அண்ணனுக்கும் அதே பயம். ரெண்டே நாள்ல மூணு பிளைவுட் பலகையைத் தூக்கிட்டு வந்துட்டார். "தகரத்தைக் கழட்டுறதுக்கு முன்னாடி உள்ளே இருந்து ஜன்னல்ல அடிச்சுடலாம். வெளியில இருந்து பாக்குறவனுக்குச் சுவரு மாதிரி இருக்கணும். இலாரியா, நீதான் பெயிண்ட் நல்லா அடிப்ப, ஒரு பக்கம் மட்டும் சாம்பல் கலர் அடிச்சுடு."

நான் அடிச்சேன். பொய் சொல்லல, மனசார அடிச்சேன். அக்கா என் தலைமாட்டுல வந்து நின்னா.

"நல்லா அடி. சவப்பெட்டிக்கு அடிக்கிற மாதிரி அடி."

"வாயைக் கழுவுக்கா."

"முன்னாடியாவது தகரத்துக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு முழம் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. என் மூச்சை நீயே அளந்து மூடுற."

"உனக்குக் காத்து வேணும், எனக்குச் சோறு வேணும். போலீஸ் வந்து பஸ்ல ஏத்தி ஒருரோவுல இறக்கி விட்டா, போய்க் கஞ்சி விப்பியா? நான் என்ன விக்கிறது?"

அவ இருமினா. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. வேணும்னே இருமுறான்னு கூட நினைச்சேன். மனுஷி பயத்துல இருந்தா எவ்வளவு கேவலமா நினைக்கிறா பாருங்க.

அந்த வாரமே கார்ப்பரேஷன்காரர் ஒருத்தர் கடைக்கு வந்தார். ஆல்தமீரோ புதுப் பலகைக்கு லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டிருந்தார், அதுக்கு முகப்பை அளக்கணுமாம். நானும் அக்காவும் ஜிப் கட்டு வாங்கக் கீழ இறங்கியிருந்தோம். ஒல்லி ஆளு, டேப்பைச் சர்ருன்னு இழுத்தார். "எட்டு மீட்டர். பத்துக்குக் கீழ இருக்கிற முகப்புக்கு ஒன்றரைச் சதுர மீட்டர், ஒரு கடைக்கு ஒரே பலகை, அவ்வளவுதான்"னு எழுதிக்கிட்டார். ஆல்தமீரோ பின்னாடியே "ரெண்டா வச்சுக்கோங்க சார், ஒண்ணே முக்காலாவது வச்சுக்கோங்க"ன்னு மார்க்கெட்டுல தக்காளி பேரம் பேசுற மாதிரி கெஞ்சிட்டு இருந்தார். கார்ப்பரேஷன்காரர் காதுலயே வாங்கல.

அக்கா திடீர்னு வாயைத் திறந்தா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"சார், மாடி ஜன்னலைப் பலகை வச்சு அடைச்சா அதையும் அளப்பீங்களா?"

அவர் நிமிர்ந்து பாத்தார். "பலகையில எழுத்து இருக்கா?"

"இல்ல."

"எழுத்து இல்லேன்னா அது சுவரும்மா, என் வேலையில்ல. எழுத்து இருந்தாத்தான் விளம்பரம். அப்ப நான் வருவேன்."

"இவ சும்மா கேக்குறா சார், வாயாடி"ன்னு சொல்லி அவளைத் தரதரன்னு படிக்கு இழுத்துட்டுப் போனேன். "உனக்கென்ன பைத்தியமா? கார்ப்பரேஷன்காரர்கிட்டப் போய் மாடி, ஜன்னல்னு பேசுற!" அவ கையை உதறிட்டு ஜிப் கட்டோட மேல ஏறிப் போனா.

ஞாயித்துக்கிழமை எங்க ஊர்க்காரங்க எல்லாரும் சதுக்கத்துச் சந்தையில கூடுவோம். கறி வச்ச சல்தேனியா பப்ஸ் தின்னு, நாலு பேரைப் பாத்து, ஊர்க்கதை பேசிட்டு வர்றது ஒண்ணுதான் வாரத்துல எங்களுக்குச் சுகம். அக்கா வரல, தலைவலின்னா. சாயங்காலம் திரும்பி வந்தா மாடி பூரா பெயிண்ட் வாடை. "உன் சாம்பல் திட்டுத் திட்டா இருந்துச்சு, இன்னொரு கோட் அடிச்சேன்"ன்னா. பலகை மூணும் பெயிண்ட் அடிச்ச பக்கம் சுவரைப் பாத்து நின்னுச்சு. சரி, மனசு மாறிட்டா போலன்னு எனக்கு நிம்மதி. ஒரு சல்தேனியாவைப் பொட்டலம் கட்டி எடுத்துட்டு வந்திருந்தேன், அதை அவளுக்குக் குடுத்தேன்.

மறுநாள் வென்செஸ்லாவ் அண்ணன் வாயில நாலு ஆணியைக் கவ்விக்கிட்டு ஸ்டூல் மேல ஏறினார். பலகையைத் தூக்கிக் குடுக்குறது நான், கீழ முட்டுக் குடுக்குறது அக்கா. முதல் பலகையை நிமிர்த்தினேன். அவருக்குத் தெரியுற பக்கம் பெயிண்ட் படாத வெறும் மரம். எனக்குத் தெரிஞ்ச பக்கம், என் சாம்பல் மேல, ஒரு முழ உயரத்துக்குச் சிவப்பு எழுத்து.

'சத்துர்நீனா'.

சட்டைக் கைக்கு வெட்டுற மாதிரி பேப்பர்ல ஒவ்வொரு எழுத்தையும் வெட்டி, அதைப் பலகை மேல வச்சு, சுத்தி சாக்பீஸ் கோடு போட்டு நிரப்பியிருக்கா. ஓரம் அவ்வளவு சுத்தம். கதவுக்கு அடிச்ச மிச்சப் பெயிண்ட்.

"என்ன இலாரியா, மலைச்சுப்போய் நிக்கிற? தூக்கு!"ன்னார் அண்ணன், ஆணியைக் கடிச்சுக்கிட்டே.

நான் அக்காவைப் பாத்தேன். அவ என்னைப் பாத்தா. கெஞ்சல அவ. நீ சொல்லணும்னா சொல்லுங்கிற மாதிரி சும்மா பாத்தா. ஒரு வார்த்தை போதும் எனக்கு. பத்துப் பேர் பொழப்பு என் நாக்கு நுனியில நிக்குது. அப்ப அவளுக்கு இருமல் வந்துச்சு. வாயைப் பொத்தி, சத்தம் வராம, தோள் ரெண்டும் குலுங்குது. இந்தத் தடவை அவ வேணும்னே இருமலன்னு எனக்குத் தெரிஞ்சுது.

பலகையைத் தூக்கிக் குடுத்தேன். அடுத்ததுல 'தையல்'னு இருந்துச்சு, அதையும் குடுத்தேன். அதுக்கடுத்ததுல 'மாடியில்', அதையும் குடுத்தேன்.

வியாழக்கிழமை தகரத்தைக் கழட்ட ஆள் வர்றாங்க. இன்னும் மூணு நாள். அந்த மூணு நாளை நான் எப்படிக் கடத்தினேன்னு எனக்கே தெரியல. ஊசி மூணு உடைச்சேன். ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் உள்பக்கம் வெளியில வச்சுத் தைச்சேன். ரெண்டு தடவை வென்செஸ்லாவ் அண்ணன் ரூம் வாசல் வரைக்கும் போனேன். "என்ன?"ன்னார். "உப்பு தீர்ந்துபோச்சு"ன்னுட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவையும் உப்புதான். "உப்பைத் தின்னுறீங்களா, குடிக்கிறீங்களா?"ன்னு எரிஞ்சு விழுந்தார். அக்காகிட்ட மட்டும் காதோரம் சொன்னேன்: "எங்களை எல்லாம் சேத்துப் பலி குடுக்கப் போற." "தெரியும்"ன்னா. "அப்புறம் ஏன்?" "எனக்கு இன்னும் சாக இஷ்டமில்லடி"ன்னா.

வியாழக்கிழமை காலையில லாரி வந்துச்சு. பலகைக்கு இந்தப் பக்கம் நாங்க குருட்டு அறையில உக்காந்து கேட்டுட்டே இருந்தோம். ஸ்க்ரூ கழலுற சத்தம். தகரம் ரோட்டுல படார்னு விழுந்த சத்தம். அப்புறம் தெருவே வீட்டுக்குள்ள வந்த மாதிரி ஹார்ன், பேச்சு. அப்புறம் சிரிப்பு. யாரோ சத்தமாப் படிக்கிறான்: "மாடியில், சத்துர்நீனா, தையல்!" அண்ணன் பலகையை வரிசை மாத்தி அடிச்சும் அர்த்தம் கெடல.

வென்செஸ்லாவ் அண்ணன் முகம் வெளுத்துப்போச்சு. "என்ன படிக்கிறான்? எதைப் படிக்கிறான்?"

அவர் கதவைத் திறக்குறதுக்குள்ள ஆல்தமீரோ நாலு நாலு படியாத் தாவி மேல வந்துட்டார். புதுப் பலகையை அன்னிக்குத்தான் வாசல் மேல மாட்டியிருந்தார், சின்னதா, லைசென்ஸ் நம்பரோட. அதைப் பாத்துட்டுப் போகக் கார்ப்பரேஷன்காரரை அவரே வரச் சொல்லியிருந்தார். அந்த மனுஷர் டேப்போட அவர் பின்னாடியே ஏறி வர்றார்.

"யோவ் வென்செஸ்லாவ்! என் பேரையே ஒன்றரை மீட்டர்ல சுருக்கி மாட்டிருக்கேன், எவ அவ என் தலை மேல நாலு மீட்டர்ல நிக்கிறது? ஒரு முகப்புக்கு ஒரே பலகைய்யா! அபராதம் போட்டா என் கடையையே வித்தாலும் கட்ட முடியாது! சார், இது என்னோடது இல்ல, சத்தியமா இல்ல! மேல யாரு பேரு இருக்கோ அவங்க பேர்ல எழுதுங்க!"

கார்ப்பரேஷன்காரர் உள்ளே வந்தார். தூசிக்கு மூக்கைப் பொத்தினார். மெஷினைப் பாத்தார், பாயைப் பாத்தார், மூலையில காயப்போட்ட துணியைப் பாத்தார். கடைசியா எங்களைப் பாத்தார்.

"யாரு இவங்க எல்லாம்?"

"சொந்தக்காரங்க சார்"ன்னார் வென்செஸ்லாவ் அண்ணன். "விசேஷத்துக்கு வந்திருக்காங்க."

"ஆளுக்கொரு மெஷினைத் தூக்கிட்டா விசேஷத்துக்கு வந்தாங்க?"

கார்ப்பரேஷன்காரர் நோட்டைப் பிரிச்சார். "சத்துர்நீனா யாரு?"

அண்ணன் கண்ணாலேயே எங்களை மிரட்டுறார், யாரும் அசையாதீங்கன்னு. அக்கா எந்திரிச்சா. பாவாடையில ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டா. "நான்தான் சார்."

"முழுப்பேர்?"

"சத்துர்நீனா கொல்கே வில்கா."

"எழுதினது நீங்களா?"

"நான்தான். இவங்க யாருக்கும் தெரியாது."

அவர் நின்ன வாக்குலயே எழுதினார். பேரு, தெரு, கதவு நம்பர், மாடி. "லைசென்ஸ் இல்லாத விளம்பரம், அளவுக்கு மேல. அஞ்சு நாள்ல எடுத்துடணும், எடுத்துட்டா அபராதம் வராது"ன்னு நோட்டீஸைக் கிழிச்சு அவ கையில குடுத்தார். போகும்போது வாசல்ல நின்னு, "வெளியில என்ன எழுதியிருக்குன்னு பாக்க வந்தேன். உள்ளே இருக்கிறதுக்கு என் நோட்டுல கட்டம் இல்ல"ன்னார். அக்காவைப் பாத்து, "அந்த இருமலைக் காட்டுங்கம்மா"ன்னுட்டு இறங்கிட்டார்.

"அஞ்சு நாளா? அஞ்சு நிமிஷத்துல எடுப்பேன்!"னு ஆல்தமீரோ கீழ ஓடிச் சுத்தியலோட வந்தார். பட்டன் விக்கிற மனுஷன் வேர்த்து ஒழுக ஆணியைப் பிடுங்கினார். "இனிமே இந்த ஜன்னல்ல ஒரு துணி தொங்கினாலும் மாடியைக் காலி பண்ணிடணும், ஆமா!" மூணாவது பலகையும் விழுந்துச்சு.

வெயில் உள்ளே வந்துச்சு. பதினோரு மணி வெயில், மொத்தமா. எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். நான் அக்காவைப் பாத்தேன்.

ஐயோ! ஆறு வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கேன். சந்தைக்குப் போகும்போது கூட அவ சால்வையைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டிருப்பா, மத்த நேரம் எல்லாம் டியூப்லைட்டு. நான் அந்த நிறத்தை டியூப்லைட்டு நிறம்னே நினைச்சுட்டு இருந்தேன். அவ நிறமே அதுதான். கண்ணு குழியில கிடக்கு, உதட்டுல ரத்தமே இல்ல, கழுத்து எலும்பு சட்டையைத் தூக்கிட்டு நிக்குது. இந்த உடம்பைத்தான் நான் பலகை போட்டு மூட இருந்தேன். எனக்கு அழுகை அப்படியே பொத்துக்கிட்டு வந்துச்சு. அவ ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு, முகத்தை வெளியில நீட்டி, கண்ணை மூடி நின்னா. கீழ ரோட்டுல நாலு பேர் அண்ணாந்து பாத்தாங்க. பாக்கட்டும்னு நின்னா.

சனிக்கிழமைக்குள்ள வென்செஸ்லாவ் அண்ணன் மெஷினை எல்லாம் வேன்ல ஏத்திட்டார். ஊருக்கு வெளியில ஒரு கொட்டகையாம். "நீ வர்றியா, இந்தச் சனியன் கூடவே நிக்கிறியா?"ன்னு என்னைக் கேட்டார். ஏழு பேர் போனாங்க, போற போக்குல அக்காவைத் திட்டிட்டே போனாங்க. அவங்க திட்டினது தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன். நான் போகல.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில நிக்கும்போது நான்தான் வாசலைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே இருந்தேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு, "பேரும் விலாசமும் போட்ட காகிதம் ஏதாவது குடுங்க, கரண்ட் பில்லு மாதிரி"ன்னா. எங்ககிட்ட ஏது கரண்ட் பில்லு? திரும்பிடலாம்னு நான் அக்கா கையைப் பிடிச்சேன். அவ மார்ச்சட்டைக்குள்ள இருந்து நாலா மடிச்ச அந்த நோட்டீஸை எடுத்து நீட்டினா. அந்தப் பொண்ணு முன்னாடியும் பின்னாடியும் திருப்பிப் பாத்தா. "இது விளம்பரப் பலகைக்குக் குடுத்த நோட்டீஸ்." "ஆமாம்மா. பேரு இருக்குல்ல, விலாசம் இருக்குல்ல?" அந்தப் பொண்ணு சிரிச்சுட்டா. பேரை எழுதிக்கிட்டு, உக்காரச் சொன்னா.

உக்காந்தோம். கூட்டம்னா கூட்டம். ஒரு மணி நேரம் கழிச்சு உள்ளே இருந்து ஒரு நர்ஸ் வந்து, "சத்துர்நீனா கொல்கே வில்கா!"ன்னு கூப்பிட்டா. அக்கா அசையல. ரெண்டாவது தடவை கூப்பிட்டா. அக்கா தரையைப் பாத்துட்டு உக்காந்திருக்கா. தூங்கிட்டாளோன்னு குனிஞ்சு பாத்தேன். தூங்கல. ஆறு வருஷமா யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா வாயைத் திறக்கக் கூடாதுன்னு பழக்கி வச்சிருந்த உடம்பு அது.

மூணாவது தடவை கூப்பிட்டப்ப என் பக்கம் திரும்பினா.

"சொல்லலாமாடி?"ன்னு கேட்டா.

"சொல்லுக்கா"ன்னேன்.

எந்திரிச்சு நின்னு, அந்த ஹால் பூரா திரும்பிப் பாக்குற மாதிரி சொன்னா: "இங்க இருக்கேன்!"